பற்று, வரவு, பஸ்!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று எழுதத் தோன்றும். பைக் மெக்கானிக் நீட்டிய பில்லைப் பார்த்ததும் எனக்கு அந்த வியாதி முற்றிவிட்டது. ‘ஒரு மாசம் பைக்கைத் தொடுவதில்லை. பஸ், ரயில்தான்’ என்று சபதம் போட்டேன்.

“நாலு நாள் தாங்குமா?” என்றாள் மனைவி.

வீடு மேடவாக்கம். வேலை திருவல்லிக்கேணி. வேளச்சேரி வரை பஸ், அப்புறம் பறக்கும் ரயில். பணக் கணக்கை ஒரே வரியில் முடித்துவிடலாம். ரயில் சீசன் டிக்கெட் விலை, பைக்குக்கு ஒரு டாங்க் பெட்ரோல் போடுகிற காசில் பாதிகூட இல்லை. வரவு!

நேரக் கணக்குதான் உதைத்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தது 20 நிமிஷம், பஸ்ஸில் 25, ஸ்டேஷனுக்கு நடை 12, ரயிலுக்குக் காத்திருந்தது 8, ரயிலில் 30, மறுபடி நடை 5. மொத்தம் 100 நிமிஷம். இதில் சக்கரம் சுழன்றது 55 நிமிஷம்தான். பைக்கில் போனாலும் எனக்கு அவ்வளவுதான் ஆகும்! அதாவது பஸ்ஸும் ரயிலும் என்னை ஏமாற்றவில்லை. நடுவில் இருந்த இடைவெளிதான் 45 நிமிஷத்தை விழுங்கிவிட்டது.

இருபது நிமிஷம் ஒரு பஸ்ஸும் வராது. அப்புறம் ஒரே நம்பரில் மூன்று வரும். டிரைவர்கள் பேசிவைத்துக்கொண்டு செய்வதில்லை, ஸார்! முதல் பஸ் சிக்னலில் கொஞ்சம் தாமதமானால் ஸ்டாப்பில் கூட்டம் சேரும். கூட்டம் ஏற நேரமாகும், இன்னும் தாமதம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஏற ஆளில்லை. காலியாக ஓடிவந்து முன்னதை முட்டிக்கொண்டு நிற்கும். பஸ்ஸுக்குத் தனிப் பாதை விட்டால் இந்தக் கூத்து பாதி குறையும். அந்தப் பாதையில் நம்ம பைக்கை விடாமல் இருக்கணும், அது வேறு விஷயம்.

இடைவெளி விவகாரம் இந்த ஊருக்குப் பழசு. 1931-ல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் விட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டே மாம்பலம், சைதாப்பேட்டை, குரோம்பேட்டை என்று ஊர் வளர்ந்தது. பறக்கும் ரயில் 1995-ல் வந்தபோது சேப்பாக்கத்தோடு நின்றது. கிரிக்கெட் இல்லாத நாளில் அங்கே யார் போவார்? 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி என்று நீண்ட பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. அப்படியும் 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. தாம்பரம் ரயில் பாதை கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது!

மெட்ரோ 2015-ல் வந்தது. இரண்டாம் கட்டத்தில் சுமார் 119 கிலோமீட்டருக்கு வேலை நடக்கிறது. அதில் மாதவரம் - சோழிங்கநல்லூர் பாதை எங்கள் மேடவாக்கம் வழியாகத்தான். சந்தோஷம். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். டிக்கெட் ஒன்றாகிவிட்டது, நேரம்தான் இன்னும் ஒன்றாகவில்லை.

தினம் இருபது நிமிஷம் ஒரே ஸ்டாப்பில் நின்றால் சிநேகம் வராமல் இருக்குமா? அங்கே பூ விற்கிற அம்மாவோடு பேச ஆரம்பித்தேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதற்கு முன்னால் ஒரு வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்குப் பூ வாங்கினாராம். இப்போது விடியும் முன்பே கிளம்பி, கோயம்பேட்டுக்குத் தானே போய் வருகிறார்.

“அப்போ லாபம்தானேம்மா?”

“லாபம்தான் தம்பி. ஆனா திரும்பறப்போ பஸ் வரணுமே! மல்லி மொட்டா இருக்கிற வரைக்கும்தான் விலை. முக்கால் மணி நேரம் ஸ்டாப்பில நின்னா கூடையிலேயே விரிஞ்சுடுது. பாதி விலைக்குக்கூட கேக்க மாட்டாங்க.”

என் நாற்பத்தைந்து நிமிஷத்தில் எனக்குப் போனது கொஞ்சம் தூக்கம். அவருக்குப் போவது அன்றைய முதல்.

மாதம் முடிந்தது. ரயிலை விடுவதாக இல்லை. இருபது வருஷமாகப் படிக்காமல் வைத்திருந்த நாவல்களில் இரண்டை அதில்தான் முடித்தேன். ஆனால் பஸ்ஸுக்குப் பதிலாக வேளச்சேரி ஸ்டேஷன் வரை பைக், அங்கே நிறுத்திவிட்டு ரயில் என்று ஏற்பாடு. “அப்ப பாதி ஜெயிச்சது நான்தான்” என்றாள் மனைவி.

பூக்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“உனக்கென்ன தம்பி, வண்டி இருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஒரு முழம் அளந்தார். அன்றைக்குப் பாதிக்கு மேல் விரிந்திருந்தது.