பல் கிளிப் கழற்றும்போது எனாமலைப் பாதுகாப்போம்

பல்லில் கிளிப் போட்டிருந்த பிள்ளைகளுக்கு அதைக் கழற்றும் நாள் சந்தோஷமான நாள்தான். ஆனால் அன்று அவசரம் கூடாது. பல்லின் மேலுறையான எனாமலில் உயிருள்ள செல்கள் இல்லை; ஒருமுறை பெயர்ந்தால் மீண்டும் வளராது.

பிராக்கெட் எனப்படும் சிறு துண்டுகள் ரெசின் பசையால் பல்லில் ஒட்டப்பட்டிருக்கும். மருத்துவர் அதற்கென உள்ள இடுக்கியால் பிராக்கெட்டின் அடிப்பகுதியை அழுத்திக் கழற்றுவார். அப்போது பசை பல்லிலேயே தங்கினால் கவலைப்பட வேண்டாம். எனாமல் இழுபடாமல் தப்பியது என்று பொருள். பின்னர் டங்ஸ்டன் கார்பைடு பர் கொண்டு பசையை மெல்ல நீக்கி, பாலிஷ் செய்வார். இதற்கு நேரம் பிடிக்கும், பொறுமையாக இருங்கள்.

பல் நிற செராமிக் பிராக்கெட்டுகள் வளையாமல் உடையக்கூடியவை. இவற்றைக் கழற்றக் கூடுதல் கவனம் தேவை. பல்லில் விரிசலோ பெரிய ஃபில்லிங்கோ இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் கட்டிங் பிளேயர், நகவெட்டி கொண்டு கழற்ற முயலவே வேண்டாம். பிராக்கெட்டோடு எனாமலும் பெயர்ந்து வரலாம்.

கழற்றிய பின் பற்களில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால், கிளிப்பைச் சுற்றிப் படிந்த அழுக்கில் உருவான அமிலம் எனாமலின் தாதுக்களைக் கரைத்திருக்கிறது என்று அர்த்தம். கரி, உப்பு போட்டுத் தேய்க்காதீர்கள். ஃபுளோரைடு பற்பசையால் தினமும் 2 முறை துலக்கி, இனிப்பைக் குறைத்தால் லேசான திட்டுகள் நாளடைவில் மங்கக்கூடும்.

மருத்துவர் தரும் ரிடெய்னரையும் சொன்னபடி அணியச் செய்யுங்கள். இல்லையேல் பற்கள் பழைய இடத்துக்கே நகரத் தொடங்கிவிடும்.