நீல நிறம் தந்த முதலிடம்

மாணவர்களே, அறிவியல் வரலாற்றில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், உங்களில் சிலர் நியூட்டனின் ஈர்ப்பு விதியைச் சொல்வீர்கள். சிலர் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையைச் சொல்வீர்கள். ஆனால் மற்ற விஞ்ஞானிகள் தம் கட்டுரைகளில் மிக அதிகமுறை எடுத்துக்காட்டிய ஆய்வுக் கட்டுரை எது தெரியுமா? புரதத்தின் அளவை எப்படிக் கண்டறிவது என்று கூறும் ஒரு சிறு கட்டுரைதான் அது! 1951ஆம் ஆண்டு வெளிவந்த அக்கட்டுரையை எழுதியவர் ஆலிவர் லௌரி என்ற அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர். ரோஸ்பரோ, ஃபார், ராண்டால் ஆகிய மூவரும் அவருடன் சேர்ந்து அதை எழுதினர்.

ஒரு விஞ்ஞானி தம் ஆய்வை எழுதும்போது, தமக்கு உதவிய முந்திய கட்டுரைகளை இறுதியில் பட்டியலிடுவது வழக்கம். இதையே மேற்கோள் என்கிறோம். யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் இவற்றையெல்லாம் தொகுத்து, 1964இல் ஓர் அட்டவணையாக வெளியிடத் தொடங்கினார். அதன் பிறகுதான் எந்தக் கட்டுரையை எத்தனை பேர் பயன்படுத்தினர் என்று எண்ணிப் பார்க்க முடிந்தது. 2014ஆம் ஆண்டுக் கணக்கின்படி லௌரியின் கட்டுரை 3 லட்சத்து 5 ஆயிரம் தடவைக்கு மேல் மேற்கோளாகி, முதலிடத்தில் நின்றது.

சிறு துளியில் பெரு வேலை

லௌரி 1910இல் சிகாகோ நகரில் பிறந்தார். 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் டாக்டர் பட்டமும் பெற்றார். பிறகு ஹார்வர்டில் பணியாற்றினார். இடையே டென்மார்க் சென்று, கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் நுண் அளவு வேதியியலைக் கற்றார். மிகமிகச் சிறிய அளவுப் பொருளைக் கொண்டே சோதனை செய்யும் கலை இது. வாழ்நாள் முழுவதும் அவரை ஈர்த்த துறையும் இதுவே.

1942 முதல் நியூயார்க் நகரில் பணிபுரிந்த லௌரி, விரல் நுனியில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்திலிருந்தே உடலின் வைட்டமின் நிலையை அறியும் முறைகளை உருவாக்குவதில் ஈடுபட்டார். 1947இல் செயின்ட் லூயி நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறைத் தலைவரானார். அங்கே மயிரிழையைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையால் ஆன தராசுகளைப் பயன்படுத்தினார். இழையின் ஒரு முனை அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். மறுமுனையில் பொருளை வைத்தால் தூண்டில் கோல்போல் இழை வளையும். அந்த வளைவை நுண்ணோக்கியில் அளந்து எடையைக் கணக்கிடலாம். இப்படித் தனியொரு நரம்புச் செல்லைக்கூட அவரால் நிறுக்க முடிந்தது!

புரதத்தை ஏன் அளக்க வேண்டும்?

ஈரலிலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுப்பதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் கரைசலில் 10 மில்லிகிராம் புரதமும் 200 அலகு நொதிச் செயல்திறனும் உள்ளன. அதாவது, 1 மில்லிகிராமுக்கு 20 அலகு. தூய்மை செய்தபின் 1 மில்லிகிராம் புரதமும் 150 அலகும் எஞ்சுகின்றன. அலகு குறைந்தாலும், நொதி ஏழரை மடங்கு தூய்மையாகிவிட்டது. புரதத்தின் அளவு தெரியாவிட்டால் இதை அறிவது எப்படி? ஆகவே நொதியை ஆராய்பவர் ஒவ்வொருவருக்கும் இந்த அளவீடு தேவைப்பட்டது.

மஞ்சள் நீலமாகும் விந்தை

லௌரியின் முறை எளியது. முதலில் புரதக் கரைசலுடன் காரத்தன்மையுள்ள செப்புக் கரைசலைச் சேர்க்க வேண்டும். செப்பு அயனிகள், அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்புகளைப் பற்றிக்கொள்ளும். 10 நிமிடம் கழித்து, மாலிப்டினமும் டங்ஸ்டனும் அடங்கிய மஞ்சள் நிற ஃபோலின் வினைப்பொருளைச் சேர்க்க வேண்டும். புரதத்துடன் இணைந்த செப்பும், டைரோசின், டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலங்களும் இவ்வினைப்பொருளுக்கு எலெக்ட்ரான்களை அளித்து அதை ஒடுக்குகின்றன. அரை மணி நேரத்தில் நீல நிறம் தோன்றும். புரதம் மிகுந்தால் நீலமும் மிகும். அளவு தெரிந்த புரதக் கரைசல்களைக் கொண்டு முதலில் ஒரு வரைபடம் தயாரித்து, அதனுடன் இந்த நிறத்தின் செறிவை ஒப்பிட்டால் புரதத்தின் அளவு கிடைத்துவிடும்.

குறைகளும் உண்டு. எல்லாப் புரதங்களும் ஒரே அளவு நிறம் தருவதில்லை. இதைக் கட்டுரையே எடுத்துரைக்கிறது. ஆயினும் பழைய முறைகளைவிட மிக நுட்பமான இம்முறை ஆய்வுக்கூடங்களில் வேகமாகப் பரவியது. நம் நாட்டுக் கல்லூரிகளிலும் உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் இதைச் செய்து பழகுகின்றனர்.

எண்ணிக்கை எதைக் காட்டுகிறது?

அதே 2014ஆம் ஆண்டுக் கணக்கில் இரண்டாம் இடம் பெற்றது, புரதங்களைத் தனித்தனியே பிரிப்பதற்கு லாம்லி 1970இல் கூறிய முறை. மூன்றாம் இடம், புரதத்தை அளக்கப் பிராட்ஃபோர்டு 1976இல் கண்ட சாய முறை. ஆனால் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை 1953இல் வெளிப்படுத்திய வாட்சன், கிரிக் ஆகியோரின் கட்டுரை முதல் நூறு இடங்களிலும் வரவில்லை!

இது எப்படி? ஒரு முறையைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு தடவையும் அதன் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவர். பெருங் கண்டுபிடிப்போ விரைவில் பாடநூலில் இடம்பெற்று, எல்லோரும் அறிந்த உண்மையாகிவிடுகிறது. பிறகு அதன் மூலத்தைத் தேடிக் குறிப்பிடுவோர் குறைவு. ஆகவே மேற்கோள் எண்ணிக்கை ஒரு கட்டுரையின் பயனைக் காட்டுகிறது. அதன் பெருமையை முழுதும் காட்டுவதில்லை. தேர்வு மதிப்பெண் ஒரு மாணவனின் அறிவு முழுவதையும் காட்டிவிடுகிறதா, என்ன?

இதை லௌரி நன்கு உணர்ந்திருந்தார். அக்கட்டுரை தம் மகத்தான படைப்பு அன்று என்றே அவர் கருதினார். எனினும், கிடைத்த வரவேற்பில் உள்ளூர மகிழ்ந்தார். 1990இல் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது, மேதையாக இல்லாமலே ஆராய்ச்சியில் வெற்றி பெறுவது எப்படி என்று அதற்குத் தலைப்பிட்டார். 1996இல் அவர் மறைந்தார். புகழை எண்ணி அவர் அந்த முறையை உருவாக்கவில்லை. தம் வேலைக்கு ஒரு நல்ல அளவுகோல் தேவைப்பட்டது. அதைச் செவ்வையாகச் செய்தார். அதுவே லட்சக்கணக்கான ஆய்வுகளுக்குக் கருவியாயிற்று.