281 ஏன் 78 ஆனது?

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் மலைச்சாலையில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் தீர்க்கரேகை, ஆஸ்ட்ரோபை என்ற திறமூல மென்பொருளின் வானாய்வகப் பட்டியலில் கிழக்கு நோக்கி ஏறத்தாழ 78.83 பாகை. ஐராஃப் என்ற பழைய மென்பொருள் தீர்க்கரேகையை மேற்கு நோக்கி எண்ணும்; அந்தக் கணக்கில் இதே காவலூர் 281.17. இரண்டும் சரிதான். ஆனால் காரணம் தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு முதல் பட்டியலில் இரண்டாவது எண்ணைப் போட்டுவிட்டால், ஜவ்வாது மலை கரீபியன் கடலுக்குள் போய்விடும். பலர் கூடி எழுதும் ஆவணத்துக்குப் பெரிய ஆபத்து அறியாமை அல்ல, காரணம் தொலைந்துபோவதே.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக உருவாக்கிய கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், காரணம் தொலையாமல் இருக்கத்தான் உதவுகிறது. பழைய பிரதிகளைச் சேமித்து வைப்பது அதன் சிறிய பயன்தான். எந்த வரி போனது, எது வந்தது, யார், எப்போது, ஏன் என்பதெல்லாம் ‘கமிட்’ என்ற ஒரே பதிவில் சேர்ந்துவிடுகின்றன. பல ஆண்டுகள் கழித்தும் ஒரு வரியைச் சுட்டி, அது எந்தக் கமிட்டில் வந்தது என்று கேட்கலாம். கிட்டைப் பயன்படுத்தும் திறமூலத் திட்டங்களில் வெளியாள் அனுப்பும் மாற்றம் பொதுவாக நேராக உள்ளே போவதில்லை. பராமரிப்பவர்கள் வரிவரியாகப் பார்த்து, கேள்வி கேட்டு, பிறகே இணைக்கிறார்கள். ஒரே வரியை இருவர் இருவிதமாக மாற்றினால், கிட் தானாக எதையும் தேர்ந்தெடுக்காமல் நிறுத்தி, முடிவை மனிதரிடம் விடுகிறது.

விக்கிப்பீடியாவிலும் மாற்றங்களின் வரலாறு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, கலைக்களஞ்சியத்துக்கு அது போதும். மென்பொருள் கையேடு அப்படியல்ல. ஆஸ்ட்ரோபையில் நிரலும் கையேடும் ஒரே கிட் களஞ்சியத்தில் இருப்பதால், நிரலை மாற்றுபவர் அதே மாற்றத்தில் கையேட்டையும் திருத்த முடிகிறது. பழைய பதிப்பை வைத்திருப்பவருக்கு அந்தப் பதிப்புக்குரிய கையேடே கிடைக்கிறது. நிரல் எழுதாதவர்களுக்குக் கிட் கடினம் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதன் கட்டளைகள் உண்மையிலேயே புதியவரை மிரட்டுகின்றன. ஆனால் ஒரு வரித் திருத்தத்துக்கு அவை தேவையில்லை. கிட்ஹப் போன்ற தளங்களில் பிரவுசரிலேயே திருத்தி அனுப்பிவிடலாம். கட்டளைகளைவிட, எழுதுபவரின் பழக்கத்தைப் பற்றியே எனக்குக் கவலை. கமிட்டில் ‘திருத்தம்’ என்று மட்டும் எழுதினால், கிட் அந்த ஒரு சொல்லையே பத்திரமாகக் காக்கும். ‘ஐராஃப் மேற்கு நோக்கி எண்ணுவதால் 360இலிருந்து கழித்தேன்’ என்று எழுத அரை நிமிடம் போதும்.