பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் திருகாதீர்கள்

காலையில் கார் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. நம்மில் பலர் என்ன செய்கிறோம்? பிள்ளைகளுக்குப் பள்ளி நேரமாகிவிட்டது, மெக்கானிக்கை மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்கிறோம். 2025 ஜூலையில் கேரளாவின் பாலக்காடு மாவட்டம் பொல்புள்ளியில், வீட்டு முற்றத்தில் நின்றிருந்த பழைய மாருதி காரை ஒரு தாய் ஸ்டார்ட் செய்தபோது தீப்பிடித்தது. இரண்டு சிறு பிள்ளைகள் தீக்காயங்களால் இறந்துபோனார்கள். பெட்ரோல் கசிந்திருக்கலாம் என்றே அப்போது சந்தேகிக்கப்பட்டது.

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவும். பெருங்குடியின் அடுக்குமாடிகள் பலவற்றில் தரைத்தளத் தூண்களுக்கு நடுவில்தான் கார்கள் நிற்கின்றன; இ.பி. மீட்டர் பெட்டியும் தண்ணீர் மோட்டார் சுவிட்சும் அங்கேயேதான் இருக்கின்றன. எனவே வாசனை வந்தால் பக்கத்திலுள்ள எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் இரண்டு பேர் சேர்ந்து வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளுங்கள். ஒழுகி ஓடினால் வண்டியை விட்டுவிட்டு, குடும்பத்தாரை அப்புறப்படுத்தி, தள்ளி நின்று 101-க்கு அழையுங்கள்.

கசிவுக்குப் பொதுவான காரணம், வயதாகி வெடித்த ரப்பர் ஓஸ். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று 2025-இல் ஒன்றிய பெட்ரோலிய அமைச்சகமே கூறியது.

இன்னொரு காரணம் எலி. ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், இன்னொரு பக்கம் குப்பைக் கிடங்கு. மழை வந்தால் எலிகள் சூடான இன்ஜினைத் தேடி ஏறிக்கொள்கின்றன. எலி திரியை இழுத்து வீட்டை எரித்துவிடக்கூடும் என்பதால், இரவில் விளக்கை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அன்று எண்ணெய் விளக்கு, இன்று பெட்ரோல் ஓஸ்.

சரி, வீட்டிலேயே பழுது பார்க்கலாமா? கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி என்றால், ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர் ரப்பர் ஓஸை மாற்றலாம். இன்ஜெக்ஷன் வண்டியில் வேண்டாம் என்பதே நம் கருத்து. டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட அதன் குழாயில் அழுத்தம் அதிகம். இன்ஜினை அணைத்த பிறகும் அது உள்ளே நிற்கும். கழற்றிய நொடியில் பெட்ரோல் கண்ணில் பீய்ச்சியடிக்கும். டீசல் காமன் ரெயில், சி.என்.ஜி. வண்டிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம், நேரே சர்வீஸ் சென்டர்தான்.

கார்புரேட்டர் வண்டியிலும் அவசரம் கூடாது. இன்ஜின் முழுவதும் ஆறட்டும். திறந்தவெளியில், வாசனை கலைந்த பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மூடினால் உள்ளே சேர்ந்த அழுத்தம் போய்விடும். சொட்டும் பெட்ரோலைப் பிடிக்க உலோக டப்பா வையுங்கள். பவுடர் வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும்.

வெடித்த ஓஸில் டேப் சுற்றுவது, எம்-சீல் பூசுவது, சைக்கிள் டியூப் கட்டுவது எதுவும் நிற்காது. முழு ஓஸையும் மாற்றுங்கள். தண்ணீர் ஓஸ் பெட்ரோலில் ஊறி இளகிவிடும். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஓஸும் வாங்காதீர்கள். ஜி.பி. ரோட்டுக் கடைகளில், எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்ற எரிபொருள் ஓஸ் என்று கேட்டு, பழைய துண்டைக் காட்டி அதே உள்விட்டத்தில் வாங்குங்கள். கிளிப்பும் புதிதாக இருக்கட்டும். உலோகக் குழாயின் நுனியில் இருக்கும் மேட்டைத் தாண்டி ஓஸைச் செருகி, அந்த மேட்டுக்குப் பின்னால் கிளிப்பை முடுக்க வேண்டும். ஓஸை வெட்டும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

சிந்தியது காய்ந்த பிறகே பேட்டரியை இணையுங்கள். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டு, இணைப்பைக் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும், பிள்ளைகளை ஏற்றும் முன், ஒருமுறை குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள்.