பெயர் மாறிய புல் அந்து

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலே, கோடைகால மாலைவேளையில் புற்றரைமீது நடந்து செல்வோரின் காலடியிலிருந்து சிறு அந்துப்பூச்சிகள் மேலெழும். சிறிது தூரம் பறந்து மீண்டும் புல்லிலே ஒட்டிக்கொள்ளும். அமர்ந்ததும் சிறகுகளை உடலோடு அணைத்துக்கொள்வதால், காய்ந்த புல்லின் துணுக்குகளைப் போலவே தோன்றும். பெண் அந்து பறந்தபடியே முட்டைகளைப் புல்லிடையே உதிர்க்கும். அவற்றிலிருந்து வெளிவரும் புழுக்கள் பட்டுநூலாற் குழாயமைத்துப் பகலில் அதனுள் ஒளிந்திருந்து, இரவில் புல்லைக் கத்தரித்து உண்ணும். பசும்புற்றரை ஆங்காங்கே பழுப்பேறிய பின்னரே வீட்டுக்காரர் விழித்துக்கொள்வர்.

இவ்வந்துகளை வகைப்படுத்துவது எளிதன்று. 1798 ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டறிஞர் பப்ரீசியசு, கிராம்பசு என்னும் சாதியை அமைத்தார். பின்வந்தோர் புல் அந்துகள் பலவற்றை அதனுள்ளேயே சேர்த்தனர். 1860 இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வைத்தியர் கிளெமன்சு, ஓரினத்துக்குக் கிராம்பசு மியூட்டாபிலிசு எனப் பெயரிட்டார். மியூட்டாபிலிசு என்றால் மாறுந்தன்மையது என்பது பொருள். நிறமும் கோடுகளும் பூச்சிக்குப் பூச்சி வேறுபட்டால், சிறகை மட்டும் நம்பி எவ்வாறு வகுப்பது? பெயர் தவறினால் ஓரினத்தின் வாழ்க்கைக் குறிப்புக்கள் வேறோர் இனத்தின்மேல் ஏறிவிடுமன்றோ!

போலந்து அறிஞர் பிளெசின்சுக்கி, மெச்சிக்கோவுக்கு வடக்கேயுள்ள கிராம்பசு அந்துகளை ஆராய்ந்து 1963 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வெளித்தோற்றத்தோடு நில்லாது, இனப்பெருக்க உறுப்புக்களின் அமைப்பையும் நுணுக்குக்காட்டியில் நோக்கிய அவர், பழைய பெருஞ்சாதியைப் பிரித்தார். அவ்வாறு தோன்றிய சாதிகளுள் ஒன்றே பிசிக்கிராம்பசு. கிளெமன்சின் அந்து அதனுள் இடம்பெற்றது.

ஆயினும் முதலில் விவரித்தவரை விஞ்ஞானம் மறப்பதில்லை. மாணவர் கவனிக்கத்தக்க விதியொன்று இங்கே உண்டு: இனம் வேறு சாதிக்கு மாற்றப்பட்டால், முதற்பெயரிட்டவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் எழுதப்படும். ஆகவே இன்றும் அவ்வந்தின் பெயரையடுத்து, கிளெமன்சின் பெயரும் 1860 என்னும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் நிற்கின்றன.

குடும்பப் பிரிவிலும் மாற்றம் ஏற்பட்டது. முன்னர் பைரலிடே என்ற குடும்பத்தில் அடக்கப்பட்ட இவற்றை, வயிற்றின் அடியிலுள்ள செவியுறுப்பின் அமைப்பைக் கொண்டு, கிராம்பிடே என்ற தனிக்குடும்பமாக அறிஞர் பலர் இன்று கொள்கின்றனர். நமது நெல்வயல்களிலே தண்டைத் துளைக்கும் புழுவின் மஞ்சள் நிற அந்தும் அக்குடும்பத்தையே சார்ந்தது. நெல்லும் ஒரு புல்லன்றோ? எங்கோ ஒரு புற்றரையில் எழும் சிற்றந்தின் உறவு, நம் வயல் வரப்பு வரை நீண்டிருக்கின்றது.