ஒற்றைச் செல்லுக்குத் தெரியாத திசை

கைக்குழந்தையின் நகம் தாயின் கருவிழியில் கீறிவிடுகிறது. உயிர் போகும் வலி. ஆனால் காயம் சிறியதென்றால் ஓரிரு நாளில் மூடிக்கொள்கிறது. புதுச் செல்கள் பிறந்து பெருகுவது பிறகுதான். முதலில், காயத்தைச் சுற்றியுள்ள செல்கள் ஒன்றையொன்று விடாமல், விரித்த பாய் நகர்வதுபோல் உள்ளே நகர்ந்து வருகின்றன.

செல்லுக்குக் கால் ஏது? முன்பக்கச் சவ்வை மெல்லிய மடலாக நீட்டுகிறது. இன்டெக்ரின் என்ற புரதங்கள் அடித்தரையைப் பற்றுகின்றன. உள்ளிருக்கும் ஆக்டின், மயோசின் இழைகள் சுருங்கி உடலை இழுக்கின்றன. பின்பக்கப் பிடி விடுகிறது. அந்த இழுப்பு எவ்வளவு வலுவானது என்பதை 1980இல் ஆல்பர்ட் ஹாரிஸ் குழுவினர் கண்ணால் காணவைத்தார்கள். மெல்லிய சிலிக்கோன் ரப்பர் படலத்தில் செல்களை விட்டதும், அவற்றின் அடியில் படலம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது.

அப்படியானால் கூட்டத்தை நகர்த்துவது யார்? விளிம்பில் நிற்கும் செல்கள்தான் மற்றவற்றை இழுத்துச் செல்கின்றன என்று எண்ணத் தோன்றும். 2009இல் சேவியர் டிரெபாட் குழுவினர், நாயின் சிறுநீரகச் செல்களை மென்மையான ஜெல்லில் பரவவிட்டு, ஜெல்லுக்குள் பதித்த நுண்மணிகள் எவ்வளவு விலகுகின்றன என்று அளந்தார்கள். விளிம்புக்கு வெகு பின்னால் உள்ள செல்களும் தரையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. தேர்வடத்தில் கடைசியில் நிற்பவரின் கையும் வேலை செய்வதுபோலத்தான்.

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு 2016இல் வந்த முடிவு. அதே டிரெபாட்டின் ஆய்வகத்தில், ஒருபுறம் மென்மையாகத் தொடங்கி மறுபுறம் படிப்படியாக இறுகும் ஜெல்லைத் தயாரித்தார்கள். தனியாக விடப்பட்ட செல்லுக்குத் திசை பிடிபடவில்லை. அதன் சிறிய உடலுக்குள் அந்த வேறுபாடு அற்பம். கூட்டமாக விட்டதும் இறுகிய பக்கமே அதிகமாகப் பரவின. கூட்டத்தின் ஒரு முனை இளகிய தரையிலும் மறுமுனை கெட்டித் தரையிலும் இருக்கிறது. இரு முனைகளும் வெளிநோக்கி இழுக்கின்றன. இளகிய தரை இழுப்புக்கு இளகிக்கொடுக்கிறது, கெட்டித் தரை தாங்கி நிற்கிறது. செல்களுக்கிடையே உள்ள பிணைப்பு அந்த இழுவிசையைக் கூட்டம் முழுவதும் கடத்துகிறது. எந்தச் செல்லுக்கும் தனியாகத் தெரியாத வழி, கைகோத்த பிறகு தெரிகிறது!

புற்றுநோய்ச் செல்களும் பலநேரம் கூட்டமாகவே பரவுகின்றன என்பதால், இந்த ஆய்வுகளை மருத்துவ உலகம் உன்னிப்பாகக் கவனிக்கிறது.

கருவிழிக் காயத்திலும் தரைதான் முக்கியம். செல்கள் காயத்தை மூடியதும் வலி போய்விடும். ஆனால் அவை தரையை உறுதியாகப் பற்றப் பல வாரங்கள் பிடிக்கும். அதுவரை அந்தக் கண்ணைக் கசக்காதீர்கள்.