குரூகர் வனத்துக்குப் புறப்படுமுன்...



தென்னாபிரிக்காவில் தொழில் புரியும் மகனோ சகோதரனோ "குரூகர் வனத்தைப் பார்க்க வாருங்கள்" என்று அழைத்தால் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தும் ஒரே இடத்தில் வாழும் காடல்லவா! ஆனால் பெட்டி கட்டுமுன் சில விடயங்களை வீட்டாரோடு அமர்ந்து பேசிக் கொள்ளுங்கள்.

1898இல் சிறிய காப்பகமாகத் தொடங்கிய இவ்வனம் 1926இல் தேசியப் பூங்காவானது. பரப்பளவு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீற்றர். நமது இலங்கையின் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு. எனவே இரண்டு நாளில் முழுவதையும் பார்த்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். தென்பகுதியை மட்டும் தெரிந்தெடுத்து மூன்று நான்கு நாட்கள் தங்குவதே நல்லது. ஜொஹன்னஸ்பேர்க்கிலிருந்து தெற்கு வாயில்களுக்குச் சுமார் ஐந்து மணி நேரப் பயணம்.

மே முதல் செப்டெம்பர் வரை அங்கே வறட்சிக் காலம். புல் காய்ந்து, மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். விலங்குகள் நீர்நிலைகளை நாடி வரும். அதிகாலைக் குளிர் கடுமையாக இருக்கும். பிள்ளைகளுக்குக் கம்பளி உடை அவசியம்.

சொந்த வாகனத்திலேயே உள்ளே செல்லலாம். நம் நாட்டைப் போல இடப்பக்கமாகவே ஓட்ட வேண்டும். தார் வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், கிரவல் பாதையில் 40. இதற்கு மேல் வேகம் கூடாது. ஸ்குகுசா முகாமிலிருந்து சட்டாரா முகாமுக்கு 90 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். நின்று நின்று பார்த்துச் சென்றால் அரை நாள் ஓடிவிடும். மாலையில் வாயில்கள் மூடப்படுமுன் முகாமை அடைந்தே ஆகவேண்டும். மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். கேட்டறிந்து கொள்ளுங்கள்.

அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது. பிள்ளை அழுகிறதே என்று கதவைத் திறந்து விடாதீர்கள். ஆகவே தொழுகையையும் இயற்கைத் தேவைகளையும் முகாம்களிலும் ஓய்விடங்களிலும் முடித்துக் கொள்ளும்படி நேரத்தை வகுத்துக் கொள்ளுங்கள். மேற்கு நோக்கித் தொழுது பழகிய நமக்கு அங்கே கிப்லா வடக்கே, சற்றுக் கிழக்குச் சாய்ந்து அமையும்.

முகாம் குடில்கள் பலவற்றில் சமைக்கும் வசதியுண்டு. அவற்றையே முற்பதிவு செய்யுங்கள். ஹலால் இறைச்சியை நகரத்திலேயே வாங்கிக் கொண்டால் கவலையில்லை. உணவை வெளியே வைத்து விடாதீர்கள். குரங்குகள் நொடியில் தூக்கிச் சென்றுவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மலேரியா. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அதனால் நம் பிள்ளைகளுக்கு அந்நோயின் பயமே தெரியாது. குரூகரில் அது இன்னும் உண்டு. மழைக் காலத்தில் அதிகம், வறட்சியில் குறைவு. கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இப்பயணத்தைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். அழைத்தவர் மனம் கோணுமே என்று தயங்காதீர்கள். குழந்தை வளர்ந்த பின்னும் காடு அங்கேதான் இருக்கும். மற்றவர்கள் புறப்படுமுன் மலேரியா தடை இயக்கத்திடமோ வைத்தியரிடமோ ஆலோசனை கேட்டுத் தடுப்பு மாத்திரைகளைப் பெறுங்கள். திரும்பிய பின்னும் சொன்ன நாள்வரை விழுங்குங்கள். பொழுது சாய்ந்ததும் நீண்ட கை உடையும் நுளம்பு வலையும் தேவை.

ஊர் திரும்பிச் சில வாரங்கள், ஏன், மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் "பனடோல் போட்டால் சரியாகும்" என்றிருந்து விடாதீர்கள். ஆபிரிக்கா சென்று வந்ததை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அது உங்கள் உயிரையும் காக்கும், அயலவரையும் காக்கும்.

உங்கள் பயணம் நலமாக அமைய வல்ல அல்லாஹ் துணை புரிவானாக!